ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் என் மகளின் சிறுநீரகம் தப்பியிருக்குமா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. மூன்று மாதங்களுக்கு முன் மாட்டுக் கொத்துக்கறியில் நான் செய்த கட்லெட்டைச் சாப்பிட்டாள். உட்பக்கம் பழுப்பாகத்தான் இருந்தது. நான்காம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். பேதி. மறுநாள் மலத்தில் இரத்தம். காய்ச்சல் இல்லை. பரிசோதனையில் ‘ஷிகா நச்சை உண்டாக்கும் ஈ.கோலை’ என்று வந்தது. முதல் நாளிலேயே டிரிப் ஏற்றினார்கள். ஆனால் நான் கெஞ்சிக் கேட்டும் டாக்டர் ஆன்டிபயாடிக் தரவில்லை. ஐந்தாறு நாளில் பேதி குறைந்தது, நிம்மதியானோம். அப்போதுதான் சிறுநீர் நின்றுபோனது. 9 நாள் டயாலிசிஸ் செய்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள். மருந்து கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்கிறார்கள் உறவினர்கள். நோய் இல்லாத மாடு என்று சோதித்துத்தானே இறைச்சியை விற்கிறார்கள்? அதே உணவைச் சாப்பிட்ட எனக்கும் கணவருக்கும் ஏன் ஒன்றும் ஆகவில்லை? என் கையால் கொடுத்த உணவு என்பதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

பதில்: முதலில் உங்கள் உறவினர்களுக்கு: அந்த டாக்டர் செய்தது சரி. தாய் கெஞ்சும்போது ஒரு மருந்தை எழுதிக் கொடுப்பதுதான் எந்த டாக்டருக்கும் எளிது. மறுத்துவிட்டு, குழந்தையை உள்நோயாளியாக வைத்துப் பார்ப்பதற்குத்தான் அறிவும் துணிவும் வேண்டும். உங்கள் மகள் இன்று ஓடி விளையாடுவதில் அந்த மறுப்புக்கும் பங்கு இருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். ஈ.கோலை என்பது நம் எல்லோருடைய குடலிலும் சாதுவாக வாழும் பாக்டீரியா. அதில் சில வகைகளுக்கு மட்டும் ஷிகா நச்சைத் தயாரிக்கும் மரபணு இருக்கிறது. அந்த மரபணுவைக் கொண்டுவந்து சேர்த்தது, பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ். வைரஸின் மரபணுத் தொகுதி பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் ஒட்டிக்கொண்டு உறங்கிக் கிடக்கிறது. பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குச் சேதம் வந்தால் வைரஸ் விழித்துக்கொள்ளும். மளமளவென்று பெருகும், கூடவே நச்சும் பெருகும். கடைசியில் பாக்டீரியா வெடித்து, உள்ளே இருந்த நச்சு மொத்தமும் குடலில் கொட்டும். சில ஆன்டிபயாடிக்குகள் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தித்தான் அதைக் கொல்கின்றன. கிருமி சாகும், ஆனால் சாகும்போது நச்சைக் கொட்டிவிட்டுச் சாகும்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இந்தத் தொற்று கண்ட 10 வயதுக்கு உட்பட்ட 71 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. ஆன்டிபயாடிக் பெற்றவர்கள் 9 பேர், அவர்களில் 5 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. பெறாத 62 பேரிலும் அதே 5 பேர்தான். சிறிய ஆய்வு, உண்மை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவும் இல்லை. ஆனாலும் ஆன்டிபயாடிக் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்று கிடைக்கவில்லை, கெடுக்கலாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அதனால்தான் காய்ச்சல் இல்லாமல் இரத்தபேதியோடு ஒரு குழந்தை வந்தால், மலப் பரிசோதனை முடிவு வரும்வரை ஆன்டிபயாடிக் கொடுக்காமல் காத்திருக்கிறோம். பேதியை நிறுத்தும் மாத்திரையும் கூடாது. குடலின் அசைவை அது அடக்கிவிடுவதால் கிருமியும் நச்சும் உள்ளேயே தங்கிவிடும். செய்யக்கூடியதும் செய்யவேண்டியதும் ஒன்றுதான்: நரம்பு வழியாகத் திரவம், அதுவும் சீக்கிரமாக. நாள் தாழ்த்தாமல் உடலில் நீர்ச்சத்தை நிலைநிறுத்திய குழந்தைகளுக்குச் சிறுநீர் அடியோடு நின்றுபோவது குறைவாக இருந்ததைத் தொடர்ந்து பார்த்திருக்கிறோம். உங்கள் மகளுக்கு முதல் நாளிலேயே டிரிப் ஏற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். சும்மா இருந்தார்கள் என்று யாரும் சொல்லவேண்டாம்.

பேதி குறைந்த பிறகு சிறுநீரகம் ஏன் பாதிக்கப்பட்டது என்பதுதான் உங்களைக் குழப்பியிருக்கிறது. இந்த நோயின் கொடுமையே அந்தக் கால இடைவெளிதான். நச்சு குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்கிறது. அதற்கு இரண்டு பகுதிகள். ஐந்து இதழ்கொண்ட வளையம் போன்ற பகுதி, ஜிபி3 என்ற கொழுப்பு மூலக்கூறு எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஒட்டும். மற்றொரு பகுதி செல்லுக்குள் நுழைந்து, புரதம் தயாரிக்கும் ரிபோசோமிலிருந்து ஒரே ஒரு அடினைன் மூலக்கூறைப் பிடுங்கிவிடும். அவ்வளவுதான், அந்தச் செல்லால் பிறகு புரதம் தயாரிக்க முடியாது. மனித உடலில் ஜிபி3 மிகுந்திருக்கும் இடங்களில் ஒன்று சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள். அவற்றின் உட்சுவர் புண்ணாகிறது, அதன்மேல் சிறுசிறு உறைகட்டிகள் படிகின்றன. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அதிலேயே செலவழிந்து போகின்றன. குறுகிப்போன குழாய்களில் முட்டி மோதிச் சிவப்பணுக்கள் துண்டு துண்டாக உடைகின்றன. இவ்வளவும் நடந்து முடியச் சில நாட்கள் ஆகும். பேதி தொடங்கி ஏறக்குறைய ஒரு வாரத்தில், பெரும்பாலும் வயிறு தேறிவரும் நேரத்தில், குழந்தை வெளிறிப்போகும், சோர்ந்து படுக்கும், சிறுநீர் குறையும். ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம் என்பது இதன் பெயர். இந்தத் தொற்று வரும் சிறு குழந்தைகளில் நூற்றுக்கு 5 முதல் 15 பேர்வரை இதில் சிக்குகிறார்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இரத்தபேதி நின்றதும் ‘சரியாகிவிட்டது’ என்று கிளம்பிவிடாதீர்கள். அதற்கடுத்த ஒரு வாரம் குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழித்தது என்று எழுதி வையுங்கள். தட்டணு எண்ணிக்கையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவும் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தட்டணு இறங்கத் தொடங்கினால் அதுவே முதல் எச்சரிக்கை.

இனி மாட்டின் கதைக்கு வருகிறேன். ‘நோய் இல்லாத மாடுதானே’ என்று கேட்டீர்கள். ஆம், பெரும்பாலும் அந்த மாடு முழு ஆரோக்கியத்தோடுதான் இருந்திருக்கும். இதே நச்சு மாட்டை ஒன்றும் செய்வதில்லை, ஏனென்றால் மாட்டுக் குடலின் இரத்தக் குழாய்களில் நச்சு ஒட்டிக்கொள்வதற்கான ஜிபி3 கிடையாது. ஆடு, மாடு போன்ற அசைபோடும் விலங்குகள் இந்தக் கிருமியைக் குடலில் சுமந்தபடி நன்றாக மேய்ந்து திரியும். உயிரோடு இருக்கும்போது பார்க்கும் கால்நடை மருத்துவருக்கும், அறுத்தபின் உறுப்புகளைச் சோதிப்பவருக்கும் எந்த அறிகுறியும் தென்படாது. அவர்கள் ஏமாற்றவில்லை, கண்ணுக்குத் தெரிய அங்கே ஒன்றும் இல்லை.

இந்தக் கிருமியைத் தேடிப் பண்ணைகளுக்குப் போன ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் மாட்டின் நீண்ட குடலில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று அலைந்தார்கள். ஸ்காட்லாந்தில் 2003இல் வெளிவந்த ஆய்வு இடத்தைக் காட்டியது. ஓ157:எச்7 என்ற, எல்லோரும் அஞ்சும் அந்த வகை, மலக்குடலின் கடைசிச் சில சென்டிமீட்டரில் குடியிருக்கிறது. சாணம் வெளியேறும்போது அதன் மேற்பரப்பில் படிந்து வெளியே வருகிறது. எல்லா மாடுகளும் ஒரே அளவில் பரப்புவதும் இல்லை. மந்தையில் சில மாடுகள் மட்டும் ஒரு கிராம் சாணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிருமிகளை வெளியேற்றுகின்றன. மற்ற மாடுகளுக்குப் பரவுவதில் பெரும்பங்கு இந்தச் சிலவற்றுடையது. கோடைக்காலத்தில் இது இன்னும் கூடும்.

சாணத்திலிருந்து தோலுக்கு, தோலிலிருந்து இறைச்சிக்கு. தோலை உரிக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் இறைச்சியின் மேற்பரப்பில் கிருமி ஒட்டுகிறது. அமெரிக்காவில் மாடு அறுக்கும் பெரிய கூடங்களில் எடுத்த மாதிரிகளை வைத்து 2000இல் வெளியான ஓர் ஆய்வில், தோல் உரித்துக் குடலை அகற்றும் முன்பு இருந்த உடல்களில் 43 சதவீதத்தில் ஓ157 இருந்தது. குடலை அகற்றியபின் 18 சதவீதம். கழுவி, மற்ற சுத்திகரிப்புகளும் முடிந்து குளிர் அறைக்குப் போகும்போது 2 சதவீதம். எனக்கு இந்த எண்கள் ஒரே நேரத்தில் ஆறுதலும் அச்சமும் தருகின்றன. சுத்திகரிப்பு நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் பூஜ்யத்துக்கு வருவதில்லை.

முழுத் துண்டாக இருக்கும்வரை அந்த மிச்சக் கிருமி வெளிப்பரப்பில்தான் இருக்கும், அடுப்புச் சூட்டில் முதலில் வேவதும் அதே பரப்புதான். அரவை இயந்திரத்தில் போட்டதும் கதை மாறிவிடுகிறது. வெளியே இருந்தது உள்ளே போகிறது. பல மாடுகளின் துண்டுகள் ஒன்றாக அரைபடுவதால் ஒரு மாட்டின் அழுக்கு மொத்த அரவைக்கும் பரவுகிறது. ஓ157:எச்7 முதன்முதலில் அடையாளம் காணப்பட்டதே 1982இல் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களிடம்தான். 1993இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அதே உணவால் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 4 குழந்தைகள் இறந்தார்கள். மறு ஆண்டே, கொத்திய பச்சை மாட்டிறைச்சியில் இந்தக் கிருமி இருந்தால் அது கலப்படப் பொருள், விற்கக்கூடாது என்று அந்த நாட்டு வேளாண் துறை அறிவித்தது. 2012 முதல் வேறு ஆறு வகைகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள். அப்போது நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் பலரும் உங்களைப் போலத்தான் ஒரு சாதாரண உணவைக் கையில் கொடுத்தார்கள்.

கட்லெட்டின் உட்பக்கம் பழுப்பாகத்தான் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நிறம் ஏமாற்றும். சில கொத்துக்கறி, கிருமி சாகும் சூட்டை எட்டுவதற்கு முன்பே பழுப்பாகிவிடும். கொத்திய இறைச்சியின் நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் நம்பலாம், அதைக் கண்ணால் அறியமுடியாது. சமையலறையில் உணவு வெப்பமானி ஒன்று இருப்பதை நான் வலியுறுத்துகிறேன். பச்சை இறைச்சி பட்ட கத்தியும் தட்டும் சோப்பு போட்டுக் கழுவாமல் வேறு எதையும் தொடக்கூடாது. நோயை உண்டாக்க நூறுக்கும் குறைவான கிருமிகளே போதும். வாணலியில் ஒரு கட்லெட்டின் நடு வெந்திருக்கும், பக்கத்தில் இருந்தது வெந்திருக்காது. உங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகாமல் அவளுக்கு மட்டும் வந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை இந்த நச்சு கடுமையாகத் தாக்குவது இன்னொன்று.

இறைச்சியை வீட்டில் நிறுத்தவேண்டியதில்லை. கொத்துக்கறியை மட்டும் வெப்பமானி இல்லாமல் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். காய்ச்சாத பாலைத் தொடவே வேண்டாம், அதுவும் இதே மாட்டுவழிக் கிருமியைக் கொண்டுவரும்.

இதோடு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மாடுகளுக்கே இந்தக் கிருமிக்கு எதிரான தடுப்பூசியைக் கண்டுபிடித்தார்கள். கனடாவில் 2008இல் ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் பெரிதாக விற்கவில்லை. மாட்டுக்கு நோய் வருவதில்லை, பால் குறைவதில்லை, எடை குறைவதில்லை, பிறகு பண்ணைக்காரர் ஏன் காசு கொடுத்து ஊசி போடுவார்? பலன் பெறுவது எங்கோ இருக்கும் நான்கு வயதுக் குழந்தை. அந்தச் செலவைப் பண்ணைக்காரர் தலையில் கட்டாமல் பொதுப்பணத்திலிருந்து கொடுக்கவேண்டும் என்பது என் கருத்து. டயாலிசிஸ் பிரிவில் சிறு பிள்ளைகளைப் பார்த்தவர்கள் யாரும் இதை மறுப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் மகளின் எதிர்காலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே தயங்கியது தெரிகிறது. இந்த நோயில் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிறுநீரகம் நன்றாகவே தேறிவிடுகிறது. ஆனால் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்களில் சிலருக்குப் பல ஆண்டு கழித்து இரத்த அழுத்தமோ சிறுநீரில் புரதமோ தலைகாட்டலாம். அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் மூன்றையும் பாருங்கள். குறைந்தது ஐந்து ஆண்டு விடாமல். அவள் நன்றாக இருக்கும்போது இது வீண் அலைச்சலாகத் தோன்றும், ஆனாலும் போங்கள். காய்ச்சலுக்கோ வலிக்கோ ஐபுப்ரோஃபென் வகை மருந்துகளை உங்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால் போதும். இது திரும்ப வருவது மிக அரிது. அப்படி வந்தால், குறிப்பாகப் பேதியே இல்லாமல் வெளிறிச் சிறுநீர் குறைந்தால், மரபணு சார்ந்த வேறு வகையாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போய், முன்பு நடந்ததையும் சொல்லுங்கள்.

தூக்கம் வரவில்லை என்று எழுதினீர்கள். டயாலிசிஸ் வரை போன குழந்தைகளின் தாய்மார்களில் பலருக்கு இது மாதக்கணக்கில் நீடிப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளை அடுத்த பரிசோதனைக்கு அழைத்துப் போகும் அன்று, உங்களுக்கும் ஒரு நேரம் கேட்டு வாங்கி, இதையெல்லாம் அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் தர மறுத்தாரே, அதே டாக்டரிடம்.