கத்திரி வெயிலில் தக்காளியைத் திட்டாதீர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் இந்த வீட்டுத்தோட்டக் கேள்வி–பதில் பகுதிக்கு வரும் கடிதங்களின் குரலே மாறிவிடும். தை மாதத்தில் ‘காய்த்துக் கொட்டுகிறது, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தும் தீரவில்லை’ என்று எழுதியவர்கள், இப்போது ‘பூ கொட்டுகிறது, இலை சுருள்கிறது, ஏதாவது மருந்து சொல்லுங்கள்’ என்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்த மாதம் பாதிக் கேள்விகளுக்கு என் பதில் ‘ஒன்றும் தெளிக்காதீர்கள்’ என்பதுதான். கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

கேள்வி: மாடியில் தக்காளி வைத்திருக்கிறேன். பூ கொத்துக் கொத்தாக வருகிறது. வந்த வேகத்தில் காம்பு மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. தேமோர்க் கரைசல் (தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்கவைத்தது), பெருங்காயத் தண்ணீர், மீன் அமிலம் (மீன் கழிவும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்தது) எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லையே?
– வாசகி, விருதுநகர்

பதில்: அம்மா, உங்கள் செடிக்கு நோய் ஒன்றும் இல்லை. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் நின்றால் தக்காளிப் பூவின் மகரந்தம் கெட்டுவிடும். மகரந்தம் கெட்டால் பிஞ்சு பிடிக்காது. பிஞ்சு பிடிக்காத பூவைச் செடி காம்போடு கழற்றிவிடும். விருதுநகரின் மே மாத இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் மாடி. பகலெல்லாம் சூடேறிய தளம் இரவு பத்து மணிக்கும் அனல் விடும். வெறுங்காலோடு நடந்து பாருங்கள். அந்தத் தளத்தின் மேல் பையில் வேரை வைத்துக்கொண்டு நிற்கிற செடிக்குப் பெருங்காயம் என்ன செய்யும்?

தேமோர்க் கரைசலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மார்கழியில் அதைத் தெளித்துக் காய் பிடித்தால், அந்தப் பெருமையில் பெரும்பங்கு மார்கழிக்குத்தான் சேரும்.

செய்யக்கூடியது இவ்வளவுதான். பைகளைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்; அடியில் காற்று ஓட வேண்டும். மேற்கு வெயில் விழும் பக்கத்தில் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலை, கடலைத் தொலி, தென்னை நார், எது கிடைக்கிறதோ அதை மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். இவ்வளவு செய்தாலும் ஒன்றிரண்டு காய்தான் நிற்கும். நிற்பதும் செக்கச்செவேல் என்று பழுக்காமல் ஆரஞ்சு நிறத்திலேயே நின்றுவிடலாம். கடும் வெப்பத்தில் அந்தச் சிவப்பு நிறமி சரியாக உருவாவதில்லை. சுவையில் குற்றமில்லை, ரசத்துக்குப் போடுங்கள்.

என்னைக் கேட்டால், வயதான செடிகளைப் பிடுங்கிவிட்டுப் பைக்கு ஓய்வு கொடுப்பேன். ஆனி கடைசியில் புதிதாக நாற்று விட்டு, ஆடியில் நடலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 விதை கிடைத்தால் வாங்குங்கள். நம் ஊர் மண்ணுக்குப் பழகிய ரகம்.

கேள்வி: எங்கள் தக்காளி காய்க்கிறது. ஆனால் காயின் அடிப்பகுதி கறுத்து, உள்வாங்கி, தோல் போல ஆகிவிடுகிறது. முட்டை ஓடு போடச் சொல்கிறார் ஒருவர், எப்சம் உப்பு போடச் சொல்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது?
– வாசகர், தாம்பரம்

பதில்: இரண்டு பேரையும் கேட்காதீர்கள். காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது இது. மண்ணில் சத்து இருந்தாலும் வரும். அதுதான் இதில் உள்ள சூட்சுமம். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் ஏறும். வெயிலில் இலைகள் தண்ணீரை இழுத்துக்கொள்வதால் சத்தும் அந்தப் பக்கம் போய்விடும். காயின் அடி நுனிக்குக் கடைசிப் பந்தி. ஒரு நாள் பை காய்ந்து, மறுநாள் குளமானால் அந்தக் கடைசிப் பந்தியும் கிடையாது.

முட்டை ஓடு மண்ணில் கரைவதற்குள் உங்கள் தக்காளியின் ஆயுள் முடிந்துவிடும். எப்சம் உப்பில் இருப்பது மக்னீசியம். அது சுண்ணாம்புச் சத்தோடு போட்டி போட்டு நிலைமையைக் கெடுக்கும். கடலைப் புண்ணாக்குக் கரைசலையும் இப்போது நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும். தினமும் ஒரே நேரத்தில், காலை ஏழு மணிக்குள், அடி வரை நனையத் தண்ணீர் விடுங்கள். கறுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம்.

கேள்வி: பீர்க்கங்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கிறது. ஆண் பூக்களாகவே பூக்கின்றன. தப்பித் தவறி வரும் பெண் பூவின் பிஞ்சும் மஞ்சளாகிச் சுருங்கிவிடுகிறது. காணொளி பார்த்து, தினமும் காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுகிறேன். பலனே இல்லை.
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முயற்சி சரி, நேரம்தான் தப்பு. நீங்கள் பார்த்தது பூசணிக்கொடியின் காணொளியாக இருக்கும். பூசணி, வெள்ளரி, பாகல் எல்லாம் காலையில் மலர்பவை. பீர்க்கு சாயங்காலப் பூ. சுரையும் புடலையும் அப்படித்தான். நீங்கள் காலையில் காபி குடித்துவிட்டு மாடிக்கு வரும்போது பீர்க்கம்பூவின் வேலை முந்தின இரவே முடிந்திருக்கும்.

மாலை ஐந்தரை, ஆறு மணிக்குப் பந்தலடிக்குப் போங்கள். மொட்டுகள் ஒவ்வொன்றாக விரிந்து பந்தலே மஞ்சளாகிவிடும். ஒரு கணுவைப் பிடித்துப் பாருங்கள். நீளமான ஒரே காம்பில் வரிசையாக மொட்டு விட்டிருப்பவை ஆண். அதே கணுவில் தனியாக, பூவுக்குக் கீழே தீக்குச்சி நீளத்தில் ஒரு குட்டிப் பீர்க்கங்காயோடு நிற்பது பெண். அந்தக் குட்டிக் காயிலேயே மேட்டு வரிகள் தெரியும். அன்று மாலை மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைப் பின்னுக்கு மடக்கி, நடுவில் இருக்கும் மகரந்தத்தை விரலால் தொடுங்கள். விரலில் மஞ்சள் ஒட்டினால் பூ தயார். அதைப் பெண் பூவின் நடுவே உள்ள சூலகமுடியில் மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். பிடித்துவிட்டால் இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பச்சை மாறாமல் நீளும்.

மாலை நேரத்தில் உங்களுக்கு முன்பே அங்கே அந்துப்பூச்சியும் தேனீயும் வந்திருந்தால் நீங்கள் கீழே போய்விடலாம். வராமல் போனதற்குக் காரணம், சாயங்காலம் நீங்கள் தெளிக்கும் எதுவாகவும் இருக்கலாம். கடிதத்தில் வேப்பெண்ணெய் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பூ விரிந்திருக்கும் நேரத்தில் பூவின் மேல் தெளிக்காதீர்கள்.

ஆண் பூ மிகுதியாக வருவது வெயிலின் வேலை. நீண்ட பகலும் கடும் வெப்பமும் கொடிவகைகளை அப்படித்தான் ஆக்கும். சாணக் கரைசல், புண்ணாக்குக் கரைசல் என்று தழைச்சத்தை ஊற்றுவதும் அதற்குத் துணைபோகும். மழை விழுந்து சூடு தணிந்தால் பெண் பூ தானாகக் கூடும்.

கேள்வி: மதியம் கத்தரிச்செடி துவண்டு தொங்குகிறது. மூன்று வேளையும் தண்ணீர் விடுகிறேன். போதுமா?
– வாசகர், திருச்சி

பதில்: அதிகம். மதியம் துவண்ட செடி மாலை ஆறு மணிக்கு நிமிர்ந்துவிட்டால் அதற்குத் தாகம் இல்லை, வெயிலுக்குத் தலை குனிந்திருக்கிறது, அவ்வளவுதான். மாலையிலும் நிமிராவிட்டால் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் செடி துவண்டால் வேர் அழுகுகிறது என்று பொருள்.

உங்கள் பையில் தென்னை நார்க்கழிவு கலந்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அது ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் சுருங்கி, பையின் ஓரத்தில் இடைவெளி விட்டுவிடும். மேலே விடும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக நேராக அடிக்கு ஓடும். பைக்கு அடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்து நீங்கள் திருப்தியாகப் போய்விடுவீர்கள். வேரோ வறண்டு கிடக்கும். அந்தப் பையை அப்படியே ஒரு அகன்ற தொட்டித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, அடியிலிருந்து ஊற விடுங்கள்.

ரப்பர் குழாயில் தேங்கிய முதல் தண்ணீரைச் செடிக்கு விடாமல் கீழே விட்டுவிடுங்கள், வெந்நீராக வரும்.

கேள்வி: மிளகாய்ச் செடியில் இலை சுருட்டை. எந்த மருந்து?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: எந்தப் பக்கம் சுருள்கிறது என்று எழுதவில்லையே! ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டு இலை படகு போல் ஆனால் அது இலைப்பேன். ஒரு வெள்ளைத் தாளை நுனிக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். வெளிர்மஞ்சள் நிறத்தில் மெல்லிய கோடுபோல் ஓடினால் சந்தேகமே இல்லை. ஓரங்கள் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டு, இலை குறுகினால் அது செடிச் சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய சிலந்தி வகை. வெறும் கண்ணுக்குத் தெரியாது.

இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியிலும் படத் தெளியுங்கள். சிலந்திக்கு நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம். ஆனால் கந்தகத்தைக் கொளுத்தும் வெயில் நாளில் தெளித்தால் இலை கருகிவிடும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் அதன்மேல் கந்தகம் கூடவே கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து அடித்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் ஆண்டுதோறும் உண்டு. சுருண்ட இலை மறுபடி விரியாது. புதுத் தளிர் நேராக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: பாகற்காயில் புழு. பழ ஈப் பொறி வாங்கி மாட்டினேன். ஈ நிறைய விழுகிறது, ஆனால் புழு குறையவில்லை.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: டப்பாவில் மெத்தில் யூஜினால் என்று போட்டிருக்கும். அது மாம்பழ ஈக்கான கவர்ச்சிப் பொருள். பக்கத்தில் மாமரம் இருக்கிறதோ? அந்த வீட்டுக்காரர் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பாகல், பீர்க்குக் கொடிகளுக்கு வருவது வேறு ஈ. அதற்குக் கியூலூர் என்று கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் ஆண் ஈதான் விழும். முட்டையிடுவது பெண் ஈ. ஆகவே பூ வாடியதும் பிஞ்சுக்கு ஒரு செய்தித்தாள் உறை மாட்டிவிடுங்கள். சொத்தைக் காய்களை உரக்குழியில் போட்டால் புழு அங்கேயே கூடு கட்டி ஈயாகித் திரும்பும். பிளாஸ்டிக் பையில் கட்டி வெயிலில் போடுங்கள்.

கேள்வி: வாசலில் உள்ள பப்பாளி மரம் முழுக்க மாவுப்பூச்சி. கடையில் கடுமையான மருந்து ஒன்று கொடுத்தார்கள். அடிக்கலாமா?
– வாசகி, சேலம்

பதில்: அடிக்குமுன் இலையின் அடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெள்ளைப் பஞ்சுக்கு நடுவே தவிட்டு நிறத்தில் உப்பிக் காய்ந்த சின்ன உருளைகள் தெரிந்தால் மருந்தைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவை ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து தின்றுவிட்ட மாவுப்பூச்சிகள்.

இந்தப் பூச்சி நம் ஊர்ப் பூச்சி அல்ல. மெக்சிகோ பக்கத்துச் சரக்கு. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டது. அப்புறம் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று ஒன்றையும் விடவில்லை. அந்த ஆண்டுகளில் நான் ஈரோடு பக்கம் தோட்டக்கலைத் துறையில் பணியில் இருந்தேன். பட்டுப்புழு வளர்த்தவர்கள் மல்பெரித் தோட்டத்தை வேரோடு பிடுங்கியதைப் பார்த்திருக்கிறேன். மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியது. அதன் மேலுள்ள மாவு மருந்தை உள்ளே விடாது, செத்ததெல்லாம் அதைத் தின்னும் பொறிவண்டுதான். 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற குட்டிக் குளவியை வரவழைத்து, பெங்களூரில் பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். அதன்பின் பூச்சி அடங்கியது.

உங்கள் மரத்தில் குளவி இல்லாவிட்டால், தண்ணீரைக் குழாயில் வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். தேன்போன்ற கழிவுக்காக எறும்புகள் இந்தப் பூச்சியைக் கட்டிக் காக்கும். எறும்பு ஏறாமல் தண்டில் ஒரு துணியைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவி வையுங்கள். மிக மோசமான இலைகளை மட்டும் வெட்டி எரித்துவிடுங்கள்.

கேள்வி: இந்த வெயிலில் என்னதான் விதைக்கலாம்?
– மாணவர், வேலூர்

பதில்: தம்பி, கொத்தவரை போடு. வெண்டை போடு, அதற்கு நிழல்வலை வேண்டாம். இலை நரம்பு மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அந்தச் செடியை மட்டும் அன்றே பிடுங்கிவிடு, வெள்ளை ஈ அடுத்த செடிக்குக் கொண்டுபோய்விடும். தண்டுக்கீரை, பருப்புக்கீரை இரண்டும் தாக்குப்பிடிக்கும். கொத்தமல்லியை ஆவணி வரை மறந்துவிடு. இப்போது விதைத்தால் நான்கு இலை விட்டதும் பூத்துவிடும்.