ஸ்பானிஷில் 'விளையாட்டு வீரர்' என்று சொல்ல 'ஹுகதோர்' என்ற ஒரு சொல் போதுமா?

போதாது. தமிழில் 'வீரர்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எல்லா ஆட்டத்தையும் சமாளித்துவிடலாம்: கால்பந்து வீரர், நீச்சல் வீரர், செஸ் வீரர், மல்யுத்த வீரர். அதே பழக்கத்தோடு ஸ்பானிஷ் எழுதினால் இடறும். எனக்கு இடறியதும் அங்கேதான்.

படிக்க ஆரம்பித்த இரண்டாம் மாதம், மிரேயா பெல்மோந்தே பற்றி நாலு வரி எழுதச் சொன்னார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃப்ளை நீச்சலில் ஸ்பெயினுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர். நான் 'ஹுகதோரா தெ நதசியோன்' ('ஹுகதோர்' என்பதன் பெண் வடிவம்; சொல்லுக்குச் சொல் 'நீச்சல் விளையாடுபவர்') என்று எழுதிவிட்டேன். ஆசிரியை புவனோஸ் ஐரிஸ்காரர். முதல் சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, "இவங்க நீந்துறாங்களா, விளையாடுறாங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் 'நததோரா' என்று எழுதிக் கொடுத்தார். நீந்துபவர், அவ்வளவுதான்.

'ஹுகார்' என்றால் விளையாடுவது. எதை 'விளையாடுகிறோம்' என்று சொல்ல முடியுமோ அதற்குத்தான் 'ஹுகதோர்' பொருந்தும். ரியோ இறுதியில் சிந்துவை வென்ற கரோலினா மரீனை 'ஹுகதோரா தெ பாத்மின்தொன்' எனலாம். நீச்சல், ஓட்டம், குத்துச்சண்டைக்கு அது ஒட்டாது. இன்னொன்று: ஆட்டத்தின் பெயரே இல்லாமல் ஒருவரை 'ஹுகதோர்' என்றால், இடத்தைப் பொறுத்து சூதாடி என்றும் பொருள்படும்.

பல ஆட்டங்களுக்கு '-ஈஸ்தா' என்று முடியும் தனிச்சொல் உண்டு: ஃபுத்போலீஸ்தா, தெனீஸ்தா, சிக்லீஸ்தா. ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே வடிவம்தான். முன்னால் வரும் 'எல்', 'லா' மட்டும் மாறும். நதால் 'எல் தெனீஸ்தா', அலெக்சியா புதேயாஸ் 'லா ஃபுத்போலீஸ்தா'. ஆணுக்கு 'ஃபுத்போலீஸ்தோ' என்று யாரும் சொல்வதில்லை. நம் குகேஷைப் பற்றி எழுதினால் 'அஹெத்ரெசீஸ்தா'. செஸ்ஸுக்கு ஸ்பானிஷில் 'அஹெத்ரேஸ்'. சமஸ்கிருதச் 'சதுரங்க' பாரசீகம், அரபி வழியாகப் போய் அப்படித் திரிந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எந்த விளையாட்டு என்று குறிப்பிடாமல் பொதுவாகச் சொல்ல 'தெபோர்தீஸ்தா' போதும். 'அத்லேத்தா' என்று எழுதினால் ஸ்பெயினில் பெரும்பாலும் தடகளம் என்றே எடுத்துக்கொள்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் அதைக் கொஞ்சம் விரிவாகவும் புழங்குகிறார்கள்.

நாடு பார்த்துச் சொல்ல வேண்டியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கோல்கீப்பர். ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் 'போர்தேரோ'. 'புவேர்த்தா' என்றால் கதவு, ஆக இவர் வாயில்காப்பவர். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவல்காரருக்கும் ஸ்பெயினில் இதே பெயர்தான். அர்ஜென்டினாவில் கோல் கம்பத்துக்கு 'ஆர்கோ' என்று பெயர், அதனால் காப்பவர் 'அர்கேரோ'. வில்லுக்கும் அதே 'ஆர்கோ' என்பதால் வில்லாளியும் 'அர்கேரோ'தான். 2010 உலகக் கோப்பையைத் தூக்கிய ஸ்பெயினின் கசியாஸ் அவர் ஊரில் போர்தேரோ. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கூடுதல் நேரமும் முடியப்போகும் தறுவாயில், பிரான்ஸின் கோலோ முவானி அடித்த பந்தை இடது காலை நீட்டித் தடுத்தாரே அர்ஜென்டினாவின் எமிலியானோ மார்த்தினெஸ், அவர் அர்கேரோ. மாற்றிச் சொன்னாலும் புரியும். ஆனால் வெளியூர் ஆள் என்று உடனே தெரிந்துவிடும்.

பேஸ்பால் ஆடுபவர் கியூபாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் 'பெலோதேரோ'. 'பெலோதா' என்றால் பந்து; கியூபாவில் அந்த ஆட்டத்தையே அப்படித்தான் சொல்வார்கள். அர்ஜென்டினாவிலோ 'பெலோதேரோ' என்பது குழந்தைகள் குதித்து விளையாடும் பிளாஸ்டிக் பந்துத் தொட்டி. அதனால் கரீபியன் வாசகர்களுக்கு எழுதும்போது மட்டும் அதைப் போடுங்கள், மற்றவர்களுக்கு 'பெய்ஸ்போலீஸ்தா'.