இரட்டைச் சக்கர பிக்கப்பில் லாக்கிங் ஹப்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டு மாடல் டாட்ஜ் ராம் 3500 டீசல் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ், பின்புறம் இரட்டைச் சக்கரம். டூ வீல் டிரைவில் ஓட்டும்போதும் முன் ஆக்ஸிலும் அதற்கு விசை கொண்டுவரும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் சுழன்றுகொண்டே இருக்கின்றன. கையால் திருப்பிப் பூட்டினால் சக்கரத்தை ஆக்ஸில் ஷாஃப்ட்டோடு சேர்க்கும், திறந்தால் பிரிக்கும் லாக்கிங் ஹப் பொருத்தினால் இது நின்றுவிடும் என்கிறார்கள். ஒற்றைச் சக்கர வண்டிக்கு விற்கப்படும் கிட்டையே வாங்கிப் பொருத்தலாமா?

பதில்: லாக்கிங் ஹப் பொருத்தலாம், ஒற்றைச் சக்கர வண்டியின் கிட்டை அப்படியே வாங்கக் கூடாது. அதன் காரணத்தை முழுமையாகப் புரிந்துகொண்ட பிறகே பணத்தைச் செலவிடுங்கள்.

உங்கள் வண்டியின் முன் சக்கரம், பிரித்துப் பழுதுபார்க்க முடியாத மூடிய பேரிங் ஒன்றின் மேல் நிற்கிறது. அந்த பேரிங், ஸ்டியரிங்கோடு திரும்பும் ஆக்ஸில் முனையான நக்கிளின் பின்புறத்திலிருந்து நான்கு போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். ஆக்ஸில் ஷாஃப்ட்டின் முனை சக்கரம் மாட்டப்படும் ஹப்புடன் நிரந்தரமாக இணைந்திருக்கும். சக்கரம் உருண்டால் ஷாஃப்ட்டும், விசையை இரு பக்கமும் பிரிக்கும் டிஃபரன்ஷியலும், புரொப்பல்லர் ஷாஃப்ட்டும் சேர்ந்தே சுழல வேண்டும். ஆகவே இந்த அமைப்பில் லாக்கிங் ஹப்பை மாட்டுவதற்கு இடமே கிடையாது. கிட் என்று விற்கப்படுவது உண்மையில் சக்கர முனையை முழுவதுமாக மாற்றும் வேலை: மூடிய பேரிங்கை எடுத்துவிட்டு ஸ்பிண்டில் (பேரிங்குகளைத் தாங்கும் அசையாத குழாய்), இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள், தனி ஹப், புதிய முனை ஷாஃப்ட், அவற்றின் வெளிப்புறத்தில் லாக்கிங் ஹப் என்று வரிசையாகப் பொருத்துகிறார்கள்.

இரட்டைச் சக்கர வண்டியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் சேர்கிறது. பின்புறம் இரண்டு ரிம்கள் ஒன்றோடொன்று முதுகு சேர்ந்து நிற்க வேண்டியிருப்பதால், அந்த ரிம்மின் நடுத்தகடு மிகவும் ஒரு பக்கமாகத் தள்ளி அமைக்கப்பட்டிருக்கும். அதே ரிம் முன்புறமும் பயன்பட வேண்டும் என்பதற்காக, அதைத் தகடு வெளியே புடைத்திருக்கும்படி திருப்பி மாட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் வெளியே வந்து ரிம்மைத் தாங்குவதற்காக முன் ஹப்பின் மேல் ஒரு நீட்டிப்புத் துண்டு போல்ட் செய்யப்பட்டிருக்கும். ஒற்றைச் சக்கர கிட்டில் இந்த நீட்டிப்புக்கு இடம் இருக்காது. அதைப் பொருத்திவிட்டுப் பழைய ரிம்மை மாட்டினால் சக்கரம் உள்ளே ஒடுங்கி, டயர் ஸ்டியரிங் கம்பிகளிலும் ஸ்பிரிங்கிலும் இடிக்கும். நடுவில் ஏதேனும் ஓர் அலுமினியத் துண்டை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஏற்காதீர்கள். டீசல் எஞ்சினின் கனம் முழுவதும் அந்த முனைகளில்தான் இறங்குகிறது.

எனவே வாங்குவதற்கு முன் ரிம்மைக் கழற்றி அளவெடுங்கள். நக்கிளின் முகத்திலிருந்து ரிம் வந்து அமரும் முகம் வரை உள்ள தூரம் முதல் அளவு. ரிம்மின் நடுத்துளை இரண்டாவது; ரிம்மை மையத்தில் நிறுத்துவது அந்தத் துளைக்குள் இறுக்கமாக அமரும் ஹப்பின் தோள்தான் என்பதாலும், லாக்கிங் ஹப்பின் உடல் அந்தத் துளை வழியாகத் தடையின்றி வெளியே வர வேண்டும் என்பதாலும் இதில் ஒரு மில்லிமீட்டர் பிழைகூட உதவாது. ரிம் போல்ட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டத்தையும் சரிபாருங்கள். உங்கள் மாடலில் அது 165.1 மில்லிமீட்டர் வட்டத்தில் எட்டு போல்ட். ஆனால் ஃபோர்டு இரட்டைச் சக்கர வண்டிகளில் 2005 முதல் 200 மில்லிமீட்டரும், ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் 2011 முதல் 210 மில்லிமீட்டரும் வந்துவிட்டதால், பழைய ரிம்மையோ ஹப்பையோ வேறு வண்டியிலிருந்து எடுத்துச் சேர்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முன் சக்கர வேக சென்சார் உங்கள் வண்டியில் இருந்தால், அது கழற்றப்படும் பேரிங்கிலேயே அமைந்திருக்கும். சென்சாருக்கும் அதன் பல்வளையத்துக்கும் இடம் தராத கிட்டைப் பொருத்தினால் ஏபிஎஸ் செயலிழந்துவிடும். பாரம் இழுக்கும் வண்டியில் அந்த இழப்பை ஏற்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவு செலவும் தகுமா என்றால், உங்கள் மாடலுக்குத் தகும். எரிபொருள் மிச்சம் சொற்பமே. அதற்காக இதைச் செய்ய வேண்டாம். முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் உள்ள இரட்டை யுனிவர்சல் ஜாயின்ட் இடைவிடாமல் சுழன்று கிரீஸ் வற்றி உடையும்போது, கழன்ற ஷாஃப்ட் விசிறியடித்து கியர்பாக்ஸின் உடலையே உடைத்துவிடக்கூடும். ஹப் திறந்திருக்கும்போது அந்த ஷாஃப்ட் அசையாமல் கிடக்கும் என்பதே இந்த மாற்றத்தின் பெரிய பயன். தேய்ந்த பேரிங்கை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ள முடிவது அடுத்த பயன்.

கேள்வி: டேப்பர் பேரிங்குகளை எவ்வளவு இறுக்க வேண்டும்? கையில் தெரியும் அளவுக்கு இறுக்கினால் போதும் என்கிறார் எங்கள் மெக்கானிக்.

பதில்: போதாது, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டும். கிட்டுடன் வரும் குறிப்பில் உள்ள அளவே இறுதியானது. முறையைத் தெரிந்துகொள்வதற்காக, ஸ்பிண்டில் உள்ள பழைய டானா 60 ஆக்ஸிலின் வழக்கத்தைச் சொல்கிறேன். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே உள் நட்டைச் சுமார் 68 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கிப் பேரிங்குகளை நன்றாக அமரவைத்து, பிறகு நட்டைச் சிறிது தளர்த்தி, பூட்டு வாஷரைப் போட்டு, வெளி நட்டை இறுக்க வேண்டும். முடிவில் ஹப்பின் உள்வெளி ஆட்டம் 0.025 முதல் 0.25 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இதை நுண்ணிய அசைவை அளக்கும் டயல் இண்டிகேட்டர் வைத்தே பார்க்க முடியும். வெளி நட்டை இறுக்கும்போது ஆட்டம் குறைந்துவிடும் என்பதால், கடைசி இறுக்கத்துக்குப் பிறகு மறுபடியும் அளக்காமல் வேலையை முடிக்காதீர்கள்.

பேரிங்குக்குள் கிரீஸ் முழுமையாக ஏற வேண்டும். லாக்கிங் ஹப்புக்குள் மெல்லிய பூச்சு மட்டுமே போதும். அங்கே பேரிங் கிரீஸை அடைத்து நிரப்பினால், குளிரில் கிரீஸ் இறுகி ஹப் பாதியில் சிக்கிக்கொள்ளும், பாதி மட்டும் பிடித்த பற்கள் பாரம் ஏறியதும் உடைந்துபோகும். மூடியின் சிறு திருகாணிகளுக்கு மிகக் குறைந்த இறுக்கமே வேண்டும்.

கேள்வி: 1990களின் ராம் வண்டியில் ஆக்ஸிலைத் துண்டிக்கும் அமைப்பு ஏற்கெனவே உள்ளது. அதற்கும் லாக்கிங் ஹப் தேவையா?

பதில்: அவசரமில்லை. அந்த ஆக்ஸிலில் ஒரு பக்க ஷாஃப்ட் இரண்டு துண்டுகளாக இருக்கும். வெற்றிட விசையால் நகரும் காலர் அவற்றைச் சேர்க்கும், பிரிக்கும். பிரிந்திருக்கும்போது ஷாஃப்ட் முனைகளும் டிஃபரன்ஷியலின் சிறு பற்சக்கரங்களும் மட்டுமே சுழலும். புரொப்பல்லர் ஷாஃப்ட் நின்றுவிடும். பெரும்பகுதி நன்மை உங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. மூடிய பேரிங்குகள் தேய்ந்து, எப்படியும் மாற்ற வேண்டிய நிலை வரும்போது இதை யோசியுங்கள்.

கேள்வி: பொருத்திய பிறகு ஓட்டுவதில் என்ன கவனம் வேண்டும்? ஒரு ஹப்பை மட்டும் பூட்ட மறந்துவிட்டால் என்ன ஆகும்?

பதில்: ஒன்று பூட்டி மற்றொன்று திறந்திருந்தால், சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள ஆக்ஸிலில் விசை முழுவதும் திறந்த பக்கத்து ஷாஃப்ட்டை வீணாகச் சுழற்றும், முன் சக்கரங்கள் இழுக்காது. ஆகவே சேற்றில் இறங்கும் முன்பே இரண்டையும் பூட்டிவிடுங்கள், ஏனெனில் புதைந்த சக்கரத்தின் நடுவே கைவிட்டுத் திருப்புவது எளிதல்ல. இரட்டைச் சக்கர வண்டியில் சக்கர மூடி ஹப்பைப் பூட்டும் திருகை மறைக்கும் என்பதால், நடுவில் திறப்புள்ள மூடியாக மாற்றிக்கொள்வது நல்லது.

எஞ்சின் விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டிதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். பழைய என்பி203 போன்று, எப்போதும் இரண்டுக்கும் விசை அனுப்பும் முழுநேர டிரான்ஸ்ஃபர் கேஸ் உள்ள வண்டிகளில் ஹப்பைத் திறந்துவிட்டால் நடு டிஃபரன்ஷியல் விசையைத் திறந்த முன்பக்கத்துக்கே அனுப்பிவிடும், வண்டி நகராது. அத்தகைய வண்டியில் முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பகுதிநேர அமைப்புக்கு மாற்ற வேண்டும்.

மாதம் ஒருமுறையாவது ஹப்புகளைப் பூட்டிச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். டிஃபரன்ஷியல் எண்ணெய் மேலேறி ஆயில் சீல்களும் பேரிங்குகளும் நனையும். அப்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் டூ வீல் டிரைவிலேயே இருக்கலாம். தார்ச்சாலையில் ஃபோர் வீல் டிரைவைச் சேர்க்கத் தேவையில்லை. ரிம் நட்டுகளையும், நீட்டிப்புத் துண்டு தனியாக இருந்தால் அதன் போல்ட்டுகளையும், முதல் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்ச் வைத்து மீண்டும் சரிபார்த்துவிடுங்கள். நீட்டிப்பின் போல்ட்டுகளைப் பார்க்க ரிம்மைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதற்காக அதைத் தள்ளிப்போடாதீர்கள்.