பதினாறு லட்சத்துக்கு ஸ்பான்சர் கிடையாது

கேள்வி: மண்டபம் பக்கம் இருக்கிறோம். கணவர் ஐ.டி.ஐ. படித்த டீசல் மெக்கானிக், விசைப்படகு இன்ஜின் வேலை. மாதம் சராசரியாக 22,000 வரும். ஆஸ்திரேலியாவில் ஒரு கம்பெனி அவரை ஸ்பான்சர் செய்யும், மொத்தம் 16 லட்சம் ஆகும் என்கிறார் என் நாத்தனார் வீட்டுக்காரர். வருகிற வெள்ளிக்குள் என் 12 பவுனை அடகு வைத்து 6 லட்சம் தர வேண்டும். மீதி 10 லட்சத்தை அவரே மூணு வட்டிக்கு வாங்கித் தருவாராம். 2022-இல் அவர் பேச்சைக் கேட்டு மலேசியாவுக்காக 80,000 மூணு வட்டிக்கு வாங்கினோம். கணவர் டூரிஸ்ட் விசாவில் போய் ஒரே மாதத்தில் திரும்பிவிட்டார். மூன்று வருடமாக வட்டி மட்டும் கட்டுகிறோம். மொபைலில் ஒரு கடன் ஆப்பும் 3 லட்சம் தருகிறேன் என்கிறது. மறுத்தால் அந்த வீட்டோடு பேச்சே நின்றுவிடும். என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் மலேசியாக் கடனைப் பார்ப்போம். ஆஸ்திரேலியா அப்புறம்.

80,000-க்கு மூணு வட்டி என்றால் மாதம் 2,400. மூன்று வருடத்தில் 86,400 கட்டியிருக்கிறீர்கள். வாங்கியதை விட அதிகம் கொடுத்தாயிற்று, அசல் அப்படியே நிற்கிறது. இனிமேல் வரப்போகும் சம்பளத்தை நம்பி, உறவுக்காரர் வாக்கை நம்பி, இன்றைக்கு வட்டிக்கு வாங்குவது: உங்கள் வீட்டை அரிப்பது இந்த ஒரு பழக்கம்தான். இப்போது அதையே இருபது மடங்காகச் செய்யச் சொல்கிறார்கள்.

10 லட்சத்துக்கு மூணு வட்டி மாதம் 30,000. நகைக்கடன் 6 லட்சத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 5,000. ஆக 35,000. கணவர் வருமானம் 22,000. விசா வந்த பிறகு வேலை தொடங்குவது நாலு மாதம் தள்ளிப்போனால் வட்டியே 1,40,000. ‘போனதும் ஆறு மாதத்தில் அடைத்துவிடலாம்’ என்பார்கள். போக முடியாத மாதங்களுக்கு யார் கட்டுவது?

வேலையும் சம்பளமும் பொய் என்று நான் சொல்லவில்லை. டீசல் மெக்கானிக் அந்த நாட்டுக்குத் தேவைப்படும் தொழில். 482 என்பது முதலாளி ஸ்பான்சர் செய்யும் வேலை விசா. அதில் முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜூலையில் ஆண்டுக்கு 76,515 ஆஸ்திரேலிய டாலராக இருந்தது. ஆனால் ஸ்பான்சர் ஆவதற்கான கட்டணம், ஆளை நியமனம் செய்யும் கட்டணம், பயிற்சி நிதிக்கான லெவி, மூன்றையும் முதலாளிதான் கட்ட வேண்டும். தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. ஸ்பான்சர் செய்வதற்காகப் பணம் கேட்பதும் வாங்குவதும் 2015 டிசம்பர் முதல் அங்கே குற்றம். கொடுத்தவருக்கும் பாதுகாப்பில்லை, விசாவையே ரத்து செய்யலாம். அப்படிப் போய்ச் சேர்ந்தாலும் கடன் கழுத்தில் இருப்பதால், முதலாளி சம்பளத்தைக் குறைத்தால்கூட வாய் திறக்க மாட்டார். வேலையை விட்டால் வேறு ஸ்பான்சர் தேட ஒரு தடவைக்கு 180 நாள் அவகாசம் உண்டு. மாதம் 35,000 வட்டி ஓடும்போது யார் அந்த 180 நாளைப் பயன்படுத்துவார்கள்?

நேர்வழியில் உங்கள் கைக்காசு எவ்வளவு போகும்? விசா கட்டணம் 2025-இல் 3,000 ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்று மேல், சுமார் 1.8 லட்சம். ஆங்கிலத் தேர்வு, மெடிக்கல், போலீஸ் சான்று, டிக்கெட் எல்லாம் சேர்த்து மூன்று, மூன்றரை லட்சம். இங்கே பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதாவது 35,400. மீதிப் பன்னிரண்டு லட்சம் எதற்கு என்று நாத்தனார் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். கம்பெனியின் பெயர், அதன் பதினோரு இலக்க ஏ.பி.என். எண் (ஆஸ்திரேலிய வணிகப் பதிவு எண்), ஏஜென்ட்டின் பதிவு எண், மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏஜென்ட்டை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். நாத்தனார் வீட்டுக்காரர் கெட்டவர் என்று நினைக்க வேண்டியதில்லை, அவரையே யாரோ ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் பேச வேண்டியது உங்கள் கணவர், நீங்கள் இல்லை. அக்கா வீட்டுக்காரரிடம் தம்பி சொன்னால் வருத்தம் நாலு மாதத்தில் ஆறும். மருமகள் சொன்னால் ஆறாது.

அந்த ஆப்பை இன்றைக்கே மொபைலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறவன் பிராசஸிங் கட்டணம் என்று முதலிலேயே பிடித்துக்கொண்டுதான் தருவான்.

நகையை அடகு வைக்கத்தான் சொல்கிறேன், வேறு காரியத்துக்கு. கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ இரண்டு பவுன் அளவுக்கு வைத்து 80,000 வாங்கி, மூணு வட்டிக்காரருக்கு முழுவதும் அடைத்துவிடுங்கள், எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் திருப்பி வாங்குங்கள். புது வட்டி மாதம் 670 ரூபாய்தான். மாதம் 5,000 கட்டினால் ஒன்றரை வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் நிற்கும், இன்ஜின் வேலை குவியும். அந்த 61 நாள் வருமானத்தில் அசலைக் கூடுதலாகக் குறைக்கலாம். கடன் முடிந்ததும் அதே 5,000-ஐ அஞ்சலக ஆர்.டி.யில் போடுங்கள். இடையில் உங்கள் கணவர் ஆங்கிலம் படிக்கட்டும், வேலை அனுபவச் சான்றுகளைச் சேர்க்கட்டும். போக வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். கணவரின் பாஸ்போர்ட் இப்போது யார் கையில் இருக்கிறது? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. அவர்களிடம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன்பே, பணப்பேச்சு எடுக்காமல், அதை வாங்கி வந்துவிடுங்கள்.