நார்மண்டிக்கு வரும் முதியவர்களுக்குக் கை கொடுங்கள்

தம்பி,

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் இருக்கும் கான் நகருக்குப் படிக்க வந்து சில மாதங்களே ஆகின்றன, ஜூன் மாத நினைவு விழாவுக்கு வரும் முன்னாள் படைவீரர்களுக்கு உதவ ஆள் கேட்கிறார்கள், பிரெஞ்சு இன்னும் தடுமாறுகிறது, நமக்குச் சம்பந்தமில்லாத போருக்கு நான் போய் நிற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் போங்கள்.

மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம். வருகிறவர்களில் பெரும்பாலோர் பிரிட்டன், அமெரிக்கா, கனடாவைச் சேர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடமிருந்து பிரான்சை மீட்க 1944 ஜூன் 6 அன்று இந்தக் கடற்கரைகளில் இறங்கியபோது இருபது வயதை ஒட்டியிருந்தவர்கள், இன்று நூறு வயதை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறார்கள். அவர்களோடு பேச உங்கள் ஆங்கிலம் போதும். உள்ளூர்க்காரர்கள் பலருக்கு அதுதான் கைவருவதில்லை.

லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் 1948 முதல் ஓர் அறக்கட்டளை நடத்துகிறார்கள். தங்கள் கறுப்பு டாக்சிகளிலேயே முதியவர்களை ஏற்றிக்கொண்டு, கப்பலில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கே வருவார்கள். இங்குள்ள குடும்பங்கள் சில, வருகிற வீரர்களைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைக்கின்றன. இத்தனைக்கும் நேச நாடுகளின் குண்டுவீச்சில் உங்கள் கான் நகரமே தரைமட்டமானது. நார்மண்டி முழுவதும் ஏறத்தாழ 20,000 பொதுமக்கள் அந்தப் போரில் இறந்தார்கள். அப்படி உறவை இழந்த வீட்டார் வாசலில் நின்று அந்த முதியவர்களை வரவேற்பதைப் பார்த்த பிறகுதான் இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது.

உங்களுக்கு வரப்போகும் வேலை பெரும்பாலும் சக்கர நாற்காலிதான். கேட்காமல் தள்ளாதீர்கள். பேசும்போது நின்றபடி குனியாமல், அவர் முகத்துக்கு நேராகக் குந்தி உட்கார்ந்து பேசுங்கள். செவித்திறன் குறைந்தவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். கல்லறைத் தோட்டத்தின் புல்லில் சிறிய முன்சக்கரம் புதையும். அங்கே நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுப்பது எளிது. கடற்காற்று ஜூனிலும் குளிரும். முழங்காலுக்கு ஒரு கம்பளி இருக்கட்டும். தண்ணீரும் கழிப்பறை இருக்கும் இடமும் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர்களாகக் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

பலர் ஒரே ஒரு நண்பனின் கல்லறையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பேயூ நகரின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் 4,600க்கும் மேற்பட்ட கல்லறைகள். பெயரை முன்கூட்டியே கேட்டுவாங்கி, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பகுதி, வரிசை, எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெர்-சுர்-மெர் என்ற கடற்கரை ஊரின் நினைவகத்தில் பிரிட்டிஷ் தலைமையின் கீழ் உயிர்நீத்த 22,442 பேரின் பெயர்கள் தூண்களில் இருக்கின்றன. அங்கும் எந்தத் தூண் என்று தெரிந்துகொண்டு போனால் அவரை வெயிலில் அலைக்கழிக்க வேண்டியிராது. கல்லின் முன் சேர்ந்ததும் நாலடி பின்வாங்கி நில்லுங்கள். புகைப்படம் அவர் கேட்டால் மட்டும். போரில் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று சில இளைஞர்கள் கேட்டுவிடுகிறார்கள். மனம் கொதிக்கிறது எனக்கு. அவர் தானாகச் சொன்னால் கேளுங்கள், இல்லையேல் அவருடைய ஊரையும் பேரப்பிள்ளைகளையும் பற்றிப் பேசுங்கள்.

சம்பந்தமில்லாத போர் என்றீர்களே, அதே 1944 பிப்ரவரியில் இத்தாலியில் கண்ணிவெடிமேல் தன் உடலைக் கவிழ்த்துச் சக வீரர்களைக் காத்து இறந்த மெட்ராஸ் சாப்பர் என்ற பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன் நம் ஊர்க்காரர். அதற்காக அவருக்குப் பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது. உங்களோடு நாற்காலி தள்ளும் பிரெஞ்சு மாணவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

பெரிய விழா நாட்களில் கடற்கரைச் சாலைகளை அடைத்துவிடுவார்கள். அனுமதி அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே தாமதிக்காமல் பெயரைக் கொடுங்கள், அடையாள அட்டையின் நகலோடு.