பொண்ணு அக்ரிதான்னு நிக்கிறா, என்ன பண்றது?

அண்ணே, நீங்க மன்னார்குடி பக்கத்துலேர்ந்து எழுதுனத படிச்சேன். பொண்ணு அக்ரி படிக்கணும்னு நிக்கிறா, இந்த விவசாயம் நம்மளோட போகட்டும், அவளாவது ஐடி பக்கம் போகட்டும்ங்கறீங்க, குறுவை அறுப்புல மழ புடிச்சு கொள்முதல் நிலையத்து வாசல்ல நெல்ல கொட்டி வச்சுட்டு 17 சதவீத ஈரப்பதத்துக்கு எறங்குமான்னு காத்துக் கெடந்தவங்க அப்படித்தான் சொல்வீங்க, எனக்குப் புரியுது.

ஆனா அந்த ஈர நெல்லுலதான் அவளுக்கு வேலை இருக்குண்ணே. தஞ்சாவூர் நிஃப்டெம்னு உணவுப் பதப்படுத்தல் படிப்பு சொல்லிக்குடுக்கற மத்திய அரசு நிறுவனம் இருக்குல்ல, அது 1967ல திருவாரூர் மாடர்ன் ரைஸ் மில்லுல மழையில அறுத்த நெல்ல எப்படி கெடாம காப்பாத்தறதுன்னு பாக்க ஆரம்பிச்ச சின்ன லேப்தான், இன்னிக்கு அங்க பி.டெக் ஃபுட் டெக்னாலஜி இருக்கு. மழ காலம் தப்பிப் பெய்யற இந்த நாள்ல காய வைக்க, குடோன்ல காக்க, தரம் பாக்க, கப்பல் ஏத்த வெவரம் தெரிஞ்ச ஆளு இன்னும் அதிகமா வேணும்.

வியாபாரமும் அப்படித்தான். 2023 ஜூலைல பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிய வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாதுன்னு தடை போட்டாங்க, 2024 செப்டம்பர்லதான் எடுத்தாங்க. உலக அரிசி ஏற்றுமதில சுமார் 40 சதவீதம் நம்மளோடது, இங்க ஒரு உத்தரவு போட்டா ஆப்பிரிக்காவுல அரிசி வெல ஏறுது. வயலும் தெரிஞ்சு இந்த மார்க்கெட்டும் தெரிஞ்ச புள்ளைங்க ரொம்ப கம்மி, டெல்டாவுல பொறந்தவளுக்கு பாதி பாடம் வீட்லயே இருக்கு.

இப்ப முக்கியமானது, அவ ப்ளஸ் டூல மேத்ஸ் எடுத்திருக்காளா? நிஃப்டெம்முக்கு ஜேஇஇ மெயின் எழுதணும், அதுக்கு மேத்ஸ் வேணும். பயாலஜி மட்டும்னா கோவை வேளாண் பல்கலைக்கழகத்துல பி.எஸ்சி அக்ரி, நீட் கெடையாது, ப்ளஸ் டூ மார்க்தான், நம்ம டெல்டாவுலயே ஈச்சங்கோட்டையிலயும் கீழ்வேளூர்லயும் அதோட காலேஜ் இருக்கு. வேளாண் அலுவலர் ஆகணும்னு ஆசன்னா பி.எஸ்சி அக்ரிதான் எடுக்கணும், ஃபுட் டெக் படிச்சா அந்த வேலைக்கான பரீட்சைக்கு ஆகாது, ஆனா உணவு பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு அப்ளிகேஷன் போடலாம். பிரைவேட் காலேஜ்ல சீட்டுன்னு யாராவது டொனேஷன் கேட்டா பல்கலைக்கழக இணைப்பு லிஸ்ட்ல அந்தப் பேர் இருக்கான்னு பாக்காம ஒரு ரூபா குடுக்காதீங்க, நெலத்த அடமானம் வச்சு கட்டிட்டு அப்புறம் டிகிரி செல்லாதுன்னு அழுதவங்கள பாத்திருக்கேன்.

அவ எந்த குரூப்புன்னு எழுதுங்கண்ணே, அத வச்சு அடுத்தத பேசுவோம்.