கனடாவின் இலையுதிர் காலச் சென்ற் யாழ்ப்பாணத்துக்குச் சரிவருமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கிற அக்கா ஓர் அம்பர் சென்ற் அனுப்பினா. அங்கே இலையுதிர் காலத்தில் அதை அடித்துக்கொண்டு வெளியே நடந்தால் அப்படி ஒரு சுகம் என்கிறா. நான் புரட்டாதியில் ஒரு நாள் காலை கழுத்திலும் கையிலுமாக நாலு தரம் அடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பத்து மணிக்குள் தலையிடி. பக்கத்து மேசையில் இருப்பவ எழும்பிப் போய் ஜன்னலைத் திறந்தா. இது எங்கள் ஊருக்குச் சரிவராத சாமானா? போத்தலுக்குள் இருப்பதும் வரவரக் கறுக்கிறது. பழுதாகிவிட்டதா?
(ஒரு வாசகி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்)

பதில்: சென்றில் பிழை இல்லை. பூசிய நேரமும் அளவும் இடமும்தான் பிழைத்துவிட்டன. தயவுசெய்து யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

அம்பர் என்ற பெயரே ஆளைக் குழப்பும். நகையில் பதிக்கிற மஞ்சள் அம்பர், கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்து இறுகிய மரப்பிசின். அதை மூக்கில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுமே மணக்காது. எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகும் அம்பர்கிரிஸ் முற்றிலும் வேறு பொருள். சென்ற் செய்பவர்கள் அம்பர் என்று சொல்வது ஒரு கூட்டை: லப்டானம், சாம்பிராணி, வனிலா. லப்டானம் என்பது மத்தியதரைக் கடலோரப் பற்றைகளில் கசியும் ஒட்டுப்பிசின். மேய்கிற கிடாய்களின் தாடியில் ஒட்டியிருப்பதை எடுப்பார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். 1874இல் ஜெர்மனியில், வனிலாவுக்கு மணம் கொடுக்கும் வனிலினைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்ட பிறகுதான் வனிலாவின் இனிப்பு சென்றுகளுக்குள் தாராளமாக வந்தது. 1925இல் பாரிசில் வந்த ஷாலிமார் என்ற சென்ற் இதற்குப் பேர்போன உதாரணம். இந்தக் கூட்டின் மேல் கறுவா, கராம்பு, ஏலம் என்று ஒரு தூவல் போட்டால் காரமும் இனிப்புமான அம்பர் தயார்.

ஆக, இந்த மணத்தில் பாதி உங்களுக்குப் பிறந்த வீட்டு மணம். சாம்பிராணி சுமாத்திராப் பக்கத்து மரப்பிசின். குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குப் புகை காட்டும்போது வருமே, அதுதான். அந்தப் புகையை யாரும் உச்சி வெயிலில் மூடிய அறைக்குள் மணிக்கணக்காகப் போடுவதில்லை. குளித்த உடம்புக்கு, கொஞ்சமாக, பொழுது தணிந்த நேரத்தில் போடுகிறோம். அம்பரையும் அப்படித்தான் நடத்த வேண்டும்.

ரொறன்ரோவில் ஐப்பசி மாதக் காற்று குளிர்ந்தது. அந்தக் குளிரில் எலுமிச்சை, பூ போன்ற மெல்லிய மணங்கள் எடுபடாது. பிசினும் வனிலாவும் கனமானவை. குளிரில் மெல்ல மெல்ல ஆவியாகி, கம்பளிச் சட்டைக்குள் நாள் முழுக்கக் கணகணவென்று இருக்கும். அக்கா சொன்ன சுகம் அதுதான். எங்கள் புரட்டாதி வெயிலில் தோல் சூடேறி வேர்க்கிறபோது, நாள் முழுக்கப் பிரிந்து வர வேண்டியது ஒரேயடியாகக் கிளம்பிவிடுகிறது. காற்றில் ஈரமும் இருந்தால் மணம் இன்னும் கனக்கும். அதோடு, உங்கள் மூக்கு சிறிது நேரத்தில் பழகிப்போய் உங்களுக்கு மணம் குறைந்தது போலிருக்கும். பக்கத்தில் இருப்பவருக்கு அப்படியல்ல.

எங்களுக்கு இலையுதிர் காலம் இல்லை. ஆனால் சோளகம் ஓய்ந்து மாரி தொடங்கி, கார்த்திகை விளக்கீட்டுக்குப் பிறகு வாடைக்காற்று வீசும்போது, அம்பர் யாழ்ப்பாணத்திலும் தன் குணத்தைக் காட்டும். மார்கழிப் பனி விழும் அதிகாலை இன்னும் நல்லது. காண்டாவன வெயிலில் போத்தலைத் தொடவே வேண்டாம்.

மழை விட்ட ஒரு பின்னேரம் இதைச் செய்து பாருங்கள். ஒரு தட்டில் கறுவாப்பட்டைத் துண்டு, இரண்டு கராம்பு, கட்டிச் சாம்பிராணி, கேக்குக்குப் பாவிக்கும் வனிலாவில் நனைத்த பஞ்சு எல்லாம் வையுங்கள். சாம்பிராணி கரித்தூள் கலந்த கப் வகையாக இருக்கக் கூடாது. குளித்துவிட்டு, கழுத்தை விட்டுவிட்டு, உடுப்புக்குள் மறையும் வயிற்றுப் பக்கத்தில் ஒரே ஒரு தரம் அடியுங்கள். தேய்க்க வேண்டாம். முதல் பத்து நிமிடம் எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள், அது அல்ககோலும் தோடம்பழ வகை மணமும் பறக்கிற நேரம். அரை மணித்தியாலத்தில் காரம் எழும்பும். அப்போது கறுவாவையும் கராம்பையும் முகர்ந்து, எது உங்கள் சென்றில் தூக்கலாக இருக்கிறது என்று தேடுங்கள். இரண்டு மணித்தியாலம் கழித்து வனிலாவையும் சாம்பிராணியையும் முகருங்கள். மணங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியத் தொடங்கும். எத்தனையோ பேருக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறேன், சாம்பிராணியைத் தாங்களே கண்டுபிடிக்கிற கணத்தில் முகம் மலர்ந்துவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். கறுவாவிலும் கராம்பிலும் உள்ள சில மணப்பொருட்கள் சிலருடைய தோலுக்கு ஒவ்வாது. முழங்கை மடிப்பில் சிறிது பூசி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். அரித்தால் தோலில் பாவிக்காமல் பருத்திக் கைலேஞ்சியில் அடித்து வைத்துக்கொள்ளலாம். துணியில் அம்பர் அடுத்த நாளும் நிற்கும். பட்டுச் சீலையில், அதுவும் கூறைச் சீலையில், நேரே அடிக்கவே கூடாது. பிசினும் வனிலினும் கறை விடும். வேலைக்குப் போகிற நாளிலும் கைலேஞ்சி போதும், மினிபஸ்ஸில் நெருக்கி நிற்கிறவர்களுக்கும் அது நல்லது.

நிறம் கறுத்தது பற்றிப் பயம் வேண்டாம். வனிலின் கூடிய சென்ற் நாள்பட மண்ணிறமாவது இயல்பு. வெயிலும் சூடும் அதை விரைவுபடுத்தும். போத்தல் ஜன்னலோரம் இருந்தால் எடுத்துப் பெட்டியோடு அலுமாரிக்குள் வையுங்கள். குளியலறையில் வைக்க வேண்டாம். அடித்தவுடன் புளித்த வாடையோ, காறின எண்ணெய் வாடையோ வந்து, அரை மணித்தியாலம் போயும் அது போகாவிட்டால்தான் பழுது.